தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி யாரைக் கூப்பிடறது?



கோயில் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமா ஒரே கேள்வி. "கோயில் ஹால்ல எதுக்கு ஆஸ்பத்திரி ஆளுங்க மீட்டிங்? வீடு வீடா வந்து யாருக்கு என்ன வியாதின்னு ஏன் கேக்குறீங்க? கும்பாபிஷேக வேலையைப் பாக்கறதை விட்டுட்டு இதெல்லாம் கோயிலுக்குத் தேவையா?" குரல்பதிவில் பதில் சொன்னா பாதி பேர் கேக்க மாட்டாங்க, மீதி பேர் பாதியிலேயே நிறுத்திடுவாங்க. அதனால தொண்டூழியர்கள் எல்லாரும் சேர்ந்து இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். பொறுமையா படிங்க. வீட்டுப் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. மார்கழி பிறந்து மூணாவது நாள். விடியற்காலை பூஜைக்கு வந்தவங்க குடை பிடிச்சுக்கிட்டு வந்தும் நனைஞ்சுதான் வந்தாங்க. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாசத்துக்குப் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்துவிட்டது என்று பிறகு அதிகாரிகள் சொன்னார்கள். மறுநாள் பௌர்ணமி வேற. கடல் பெருக்கு ஏறியிருக்கும்போது ஆத்துத் தண்ணி எங்கே வடியும்? ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மாடியிலும் கூரையிலும் ஜனங்க காத்துக்கிட்டு இருந்த படங்களை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அந்த வெள்ளத்தில் நாடு முழுக்க 50 பேருக்கு மேல் இறந்தார்கள்.

எங்க கோயில் கொஞ்சம் மேட்டில் இருக்கு. மடப்பள்ளிக்குத் தண்ணி வரலை. அன்னிக்கு ராத்திரியே பெரிய அண்டாவை ஏத்திட்டோம். உண்மையைச் சொன்னா, சாப்பாடு ஒரு பிரச்சினையாவே இல்லை. குருத்வாராவில் சமைச்சாங்க, சூராவ்ல சமைச்சாங்க, சீனக் கோயில்ல இருந்து பீஹூன் வந்துச்சு, நாங்களும் சமைச்சோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரே தெருவுக்கு மூணு தரப்புப் பொட்டலம் போச்சு. மருந்துதான் போகலை.

நம்ம கோயில்ல பூக்கட்டற குழுவில் ஒரு அக்கா இருக்காங்க. பேர் வேண்டாம், எழுதலாம்னு அவங்களே சொன்னாங்க. செவ்வாய், வியாழன், சனி அவங்களுக்கு டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். அந்தச் சனிக்கிழமை போக முடியலை. வீட்டு மாடியில் மகனும் அவங்களும் மாட்டிக்கிட்டாங்க. மகன் நமக்குப் போன் பண்ணினார், நாங்க ஊரெல்லாம் போன் பண்ணினோம்.

அவங்க வழக்கமா போற மையத்தில் தண்ணி புகுந்து மூடிட்டாங்க. தண்ணி வராத இன்னொரு மையத்தைக் கேட்டோம். "இவங்களோட உலர் எடை என்ன? ஹெப்பாடைட்டிஸ் ரத்தப் பரிசோதனை முடிவு இருக்கா? கடைசியா எப்ப செஞ்சாங்க? தெரியாம மெஷின்ல போட முடியாது" என்றார்கள். ஆஸ்பத்திரியில் "கூட்டிட்டு வாங்க, பாத்துக்கறோம்" என்றார்கள். ரோடு இல்லை. ஆம்புலன்ஸ் அந்த ஆழத்துத் தண்ணியில் ஓடாது. படகு வைத்திருந்தவர்களிடம் பேசினால், "எந்த ஜாலான், எந்த நம்பர், ஆள் நடப்பாங்களா, தூக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, அவங்க கையில் ஏற்கெனவே இருந்த நீளமான பட்டியலில் கடைசியில் எழுதிக்கிட்டாங்க.

கவனிச்சுப் பாருங்க, இதில் ஒருத்தர் பதிலும் தப்பில்லை. அவங்கவங்க இடத்தில் அவங்கவங்க சொன்னது சரி. ஆனா எல்லாச் சரியையும் சேர்த்தா, அக்கா மாடியிலேயே உட்கார்ந்திருந்தாங்க.

திங்கட்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏத்துற ஒரு பெரிய லோரிதான் அவங்களை வெளியே கொண்டு வந்துச்சு. கால் ரெண்டும் வீங்கி, படுத்தா மூச்சு வாங்குது, உட்கார்ந்தே ரெண்டு ராத்திரி. வியாழனுக்கு அப்புறம் நாலு நாள் ரத்தம் சுத்தமாகலை. சிறுநீரகம் வேலை செய்யாதவங்களுக்கு உடம்பில் தேங்குற தண்ணி நுரையீரலுக்குப் போகும். பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பே தடுமாறும், நின்னும் போகும். ஆஸ்பத்திரியில் இறக்கின உடனே உள்ளே கொண்டு போயிட்டாங்க. பிழைச்சாங்க. இன்னிக்கும் வெள்ளிக்கிழமை மாலை அவங்க கட்டினதுதான்.

"ஒரு அக்காவுக்காக இவ்வளவு ஏற்பாடா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019-ல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வின்படி இந்த நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தா 31.4 விழுக்காடு. பத்துப் பேர் வரிசையில் நின்னா மூணு பேர். நம்ம நாட்டில் புதுசா டயாலிசிஸுக்கு வர்றவங்கள்ல பாதிக்கு மேல நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவங்கதான். ஆக இந்த விஷயம் யாரோ ஒருத்தர் வீட்டு விஷயம் கிடையாது. பந்தியில் உங்க பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுறவர் விஷயம்.

வெள்ளம் வடிஞ்ச அடுத்த வருஷம்தான் முதல் கூட்டம். கூப்பிட்டது கோயில் இல்லை. பக்கத்து டயாலிசிஸ் மையத்தில் வேலை செய்யுற ஒரு மிஸ்ஸி, நம்ம கோயிலுக்கு வர்றவங்க, "ஹால் மட்டும் குடுங்க, ஆளுங்களை நான் கூட்டிட்டு வர்றேன்"னு சொன்னாங்க. கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை உட்காருற மேடைக்குக் கீழே நாலு மேசையைச் சேர்த்துப் போட்டோம். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் இருந்து ஒரு இன்ஸ்பெக்டர், அரசாங்கக் கிளினிக் தாதி, ரெண்டு டயாலிசிஸ் மையத்து ஆளுங்க, தாமானில் தனியார் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பிள்ளைகள், செம்பிறைச் சங்கத்துக்காரர் ஒருத்தர், ஏபிஎம் எனப்படும் தற்காப்புப் படையில் இருந்து ரெண்டு பேர், ருக்குன் தெத்தாங்கா தலைவர், சூராவ் செயலாளர், அப்புறம் நாங்க. வடையும் தேத்தண்ணியும் முடியுற வரைக்கும் பெரிசா ஒண்ணும் பேசிக்கலை. எல்லாரும் ஒரே தாமானில் பத்து வருஷமா வேலை செய்யுறவங்க. ஒருத்தர் போன் நம்பர் இன்னொருத்தர்கிட்ட இல்லை.

பிறகு அவங்கவங்க கையில் என்ன இருக்குன்னு பேச்சு வந்துச்சு. டயாலிசிஸ் மையத்தில் நோயாளிகள் பட்டியல் இருக்கு, எந்த நாள், எந்த வேளைன்னு. கிளினிக் தாதிகிட்ட படுத்த படுக்கையா இருக்கிறவங்க பட்டியல், பிரசவ தேதி நெருங்கின தாய்மார் பட்டியல். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் விவரம் ஆஸ்பத்திரியில். ஏபிஎம்மிடம் படகு இருக்கு. கோயிலில் என்ன இருக்கு? உபயதாரர் பட்டியல் இருக்கு! சிரிக்காதீங்க. எந்த வீட்டில் பிள்ளைங்க சிங்கப்பூர்ல வேலை, எந்த வீட்டில் பாட்டி தனியா இருக்காங்க, எந்த வீட்டுக் கேட்டுக்குச் சாவி எதிர்வீட்டில் இருக்குங்கிறது எல்லாம் நமக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வியாதி தெரியும், தெரு தெரியாது. நமக்குத் தெரு தெரியும், வியாதி தெரியாது.

சரி, எல்லாப் பட்டியலையும் ஒண்ணாக்கிடலாம்னு நம்ம பையன் ஒருத்தன் லேப்டாப்பைத் திறந்தான். டாக்டர் தடுத்துட்டார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ல இருந்தே இருக்கு, நோயாளி சம்மதம் இல்லாம ஒரு பேர்கூட வெளியே போகக் கூடாதுன்னார். அவர் சொன்னதில் சட்டத்தைவிடப் பெரிய நியாயம் ஒண்ணு இருந்துச்சு. கோயில் கவுண்டரில் ஒரு நோட்டுப் புத்தகம், அதில் யார் வீட்டில் யாருக்குக் கிட்னி போச்சுன்னு எழுதி வைத்தால், அது அந்தப் புத்தகத்தோடு நிற்குமா? பொண்ணு பார்க்க வர்றவங்க காது வரைக்கும் போகும். நம்ம ஆளுங்களைப் பத்தி நமக்குத் தெரியாதா?

அதனால இப்படி ஒரு ஏற்பாடு. வியாதிப் பட்டியல் தாதிகளிடமும் மையங்களிடமும் மட்டும்தான் இருக்கும். கோயிலில் இருப்பது வீட்டு நம்பர் போட்ட தாமான் வரைபடம். சம்மதம் கொடுத்த வீட்டுக்கு மட்டும் ஒரு வண்ணப் புள்ளி. சிவப்புன்னா தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே வெளியே கொண்டு வரணும். மஞ்சள்னா மருந்து போய்ச் சேரணும். நீலம்னா தூக்க ரெண்டு ஆள் வேணும். காரணம் என்னன்னு படகுக்காரருக்கும் தெரிய வேண்டாம், எங்களுக்கும் தெரிய வேண்டாம். வீடு வீடா வந்த பிள்ளைகள் "என்ன வியாதி?"ன்னு கேட்கலை. "எந்த வண்ணம் போடலாம்?"னுதான் கேட்டாங்க. ஒரு சில வீட்டில் அது வேற மாதிரி காதில் விழுந்திருக்கு. இப்போ விளங்கியிருக்கும்னு நினைக்கிறோம்.

அடுத்தது, யார் எப்போ மணி அடிக்கிறது? அன்னிக்கு எல்லாரும் எல்லாரையும் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இப்போ வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் இன்போபன்ஜீர் பக்கத்தில் ஆத்து நீர்மட்டம் போடுறாங்களே, அதை வைத்துப் பேசி முடிச்சாச்சு. அதில் இயல்பு, கவனம், எச்சரிக்கை, அபாயம்னு நாலு நிலை. 'கவனம்' வந்த உடனே டயாலிசிஸ் மையம் மறுநாள் ஆட்களை முன்கூட்டியே கூப்பிட்டு ரத்தம் சுத்தம் பண்ணி அனுப்பிடும். 'எச்சரிக்கை' வந்தா சிவப்புப் புள்ளி வீடுகளுக்கு வண்டி போகும். 'அபாயம்' வந்த பிறகு நடக்கிறது மீட்பு வேலை, அது போம்பாவும் ஏபிஎம்மும் பார்க்கிற வேலை, நாம குறுக்கே போகக் கூடாது. கிழக்குக்கரைக்காரர்களுக்கு இதெல்லாம் பழக்கம். பருவமழைக்கு முன்னாடியே டயாலிசிஸ் நோயாளிகளையும் நிறைமாதக் கர்ப்பிணிகளையும் மேட்டுப்பக்கம் கொண்டு வந்து வைப்பாங்க. 2014 வெள்ளத்தில் குவாலா கிராய் ஆஸ்பத்திரியே தண்ணிக்கு நடுவில் தீவு மாதிரி நின்னுச்சு. அந்த அடி அவங்களுக்கு மறக்காது. நாமதான் "இது கிள்ளான், இங்கே என்ன வந்துடும்"னு இருந்துட்டோம், ஊரே அப்படித்தான் இருந்துச்சு.

ரெண்டு மையங்களும் கைகோத்ததுதான் எங்களுக்குப் பெரிய விஷயமா படுது. ரெண்டும் ஒரே தொழிலில் இருக்கிறவங்க, போட்டி இருக்கத்தான் செய்யும். ஆனாலும் ஒண்ணு மூழ்கினா மற்றது ராத்திரி வேளை கூடுதலா ஓட்டும்னு பேசிக்கிட்டாங்க. ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு 120 லிட்டர் சுத்தத் தண்ணி வேணுமாம். கரண்டும் வேணும். அதனால குழாய்த் தண்ணி நின்னா எந்த லோரி எங்கே தண்ணி கொண்டு வரும் என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்காங்க. நோயாளி ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு அட்டை. உலர் எடை, ஹெப்பாடைட்டிஸ் முடிவு, ஒவ்வாமை, சாப்பிடுற மருந்து, கடைசியா செஞ்ச தேதி. ஹெப்பாடைட்டிஸ் பி உள்ளவங்களுக்குத் தனி மெஷின் வேணும், அதான் அன்னிக்கு அந்த மையம் அவ்வளவு கறாரா கேட்டது. பூக்கட்டற அக்கா அந்த அட்டையை சாமி படம் வைக்கிற பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஐசியோட சேர்த்து வைத்திருக்காங்க.

இப்போ மடப்பள்ளி விஷயம். வெள்ளத்தில் மாட்டினவங்களுக்கு என்ன கொடுப்போம்? வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்குக் கறி, தக்காளி ரசம், பருப்பு சாம்பார். எல்லாம் நல்ல சாப்பாடுதான். டயாலிசிஸ் தவறிப்போனவருக்கு அத்தனையும் பொட்டாசியம்! களைச்சு வந்தவருக்கு "குடிங்கய்யா, குடிங்கய்யா"ன்னு ரெண்டு இளநீர் வெட்டிக் கொடுக்கிறது நம்ம அன்பு. அவர் இதயத்துக்கு அது வினை. தண்ணியே அளந்து குடிக்கிறவங்க அவங்க. அதனால மையத்துச் சத்துணவு மிஸ்ஸி சொன்னபடி தனியா ஒரு பொட்டலம் போடுறதா முடிவு. வெள்ளைச் சோறு, உப்பு குறைச்ச முட்டைக்கோஸ் பொரியல், ஒரு ஆப்பிள். முட்டை கொடுக்கணும்னு மிஸ்ஸி சொன்னாங்க, கோயில் மடப்பள்ளியில் அது முடியாது. முட்டையை சூராவ் சமையல்கட்டில் அவிச்சு அவங்களே சேர்த்துக் கொடுக்கிறாங்க. இந்த ஒரு வரியை எழுதும்போது எங்களுக்கே சந்தோஷமா இருக்கு. பொட்டலத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். அது உங்க வீட்டுக்கு வந்தா, மத்தவங்க எடுத்துச் சாப்பிடாதீங்க.

சமையல் குழுவுக்கு உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு ஊசியும். "முப்பது வருஷமா அன்னதானம் சமைக்கிறேன், எனக்கு ஊசியா?"ன்னு நம்ம பெரிய சமையல்காரர் ரெண்டு நாள் மடப்பள்ளிப் பக்கமே வரலை. மூணாவது நாள் வந்து கையை நீட்டிட்டார். இப்போ பொட்டலத்தில் சமைச்ச நேரமும், நாலு மணி நேரத்துக்குள்ள சாப்பிடச் சொல்லியும் எழுதி ஒட்டுறது அவர்தான். கையெழுத்துதான் யாருக்கும் விளங்கலை.

போன செப்டம்பரில் ஒரு ஞாயித்துக்கிழமை ஒத்திகை பார்த்தோம். மழை இல்லாத நாள், தண்ணி வந்த மாதிரி நினைச்சுக்கணும். நோயாளியா நடிக்க நம்ம தவில் ஐயா. ரொம்ப ஒன்றிப்போய் நடிச்சார், உண்மையாவே ஏதோ ஆயிடுச்சோன்னு செயின்ட் ஜான் பிள்ளை ஒண்ணு நாடி பார்த்துச்சு. அன்னிக்குத்தான் சில விஷயங்கள் வெளிச்சத்துக்கு வந்தது. ஆம்புலன்ஸ் வழிகாட்டிச் செயலி கோயிலுக்குப் பின்சந்தைக் காட்டுது, அங்கே கேட் இல்லை. முன்பக்கம் பக்தர்கள் காடி ரெண்டு வரிசையா நிக்குது. ஸ்ட்ரெச்சர் செருப்பு ஸ்டாண்டுக்கும் தூணுக்கும் நடுவில் போகலை. ஹாலில் இன்சுலின் வைக்கிற குளிர்பெட்டி செருகியிருந்த பிளக் பாயிண்ட், ஜெனரேட்டர் ஓடும்போது கரண்ட் வராத பக்கம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும். இதையெல்லாம் வெள்ளத்தன்னிக்குக் கண்டுபிடிச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க.

பணத்தைப் பத்தியும் சொல்லிடறோம், அதுதான் பாதிப் பேர் மனசில் இருக்கு. கும்பாபிஷேக நிதியில் இருந்து ஒரு வெள்ளிகூட எடுக்கலை. குளிர்பெட்டியும் ஜெனரேட்டரும் ரெண்டு குடும்பம் பிறந்தநாள் உபயத்துக்குப் பதிலா வாங்கிக் கொடுத்தது. ரசீது அலுவலகத்தில் இருக்கு. ஆனா ஒண்ணு. நிதியில் இருந்து எடுத்திருந்தாலும் எங்களுக்கு அது தப்பா தெரிஞ்சிருக்காது. கோபுரத்துக்கு வர்ணம் ஒரு வருஷம் பொறுக்கும். இதில் எங்களுக்குள்ளேயே ரெண்டு அபிப்பிராயம் உண்டு, ஆண்டுக் கூட்டத்தில் பேசலாம்.

இன்னும் முடியாத வேலையும் இருக்கு. ஆத்தோரம் இருக்கிற மூணு ஜாலான்ல பாதி வீடுதான் சம்மதம் கொடுத்திருக்கு. வாடகைக்கு இருக்கிற வங்காளதேசத்துத் தொழிலாளர் வீடுகளுக்கு எந்த மொழியில் யார் போய்ச் சொல்றதுன்னு இன்னும் ஏற்பாடு ஆகலை. இடமாற்ற மையமா திறக்கிற பள்ளிக்கூடத்தில் ஸ்ட்ரெச்சர் ஏறுற மாதிரி சாய்தளம் இல்லை, அதுக்குக் கடிதம் போயிருக்கு.

ஒண்ணு மட்டும் சுகாதார இன்ஸ்பெக்டர் எல்லா இடத்திலும் சொல்லச் சொன்னார். தண்ணி வடிஞ்ச பிறகு வீடு கழுவும்போது பூட்ஸும் கையுறையும் போடுங்க. எலி மூத்திரத்தால் வர்ற காய்ச்சல் அப்பவே வராது, பெரும்பாலும் ஒரு வாரம் ரெண்டு வாரம் கழிச்சுதான் வரும், சிலருக்கு மாசம்கூட ஆகலாம். காய்ச்சல், கால் சதை வலி, கண் சிவப்பு இருந்தா கிளினிக்கில் "வெள்ளத் தண்ணியில் இறங்கினேன்"னு நீங்களே வாயைத் திறந்து சொல்லணும். டாக்டர் கேட்பார்னு காத்திருக்காதீங்க. பனடோல் போட்டுப் படுத்துக்கிட்டவங்க கதை நிறைய இருக்கு.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் ஆரம்பிக்குது. இந்த மாசம் நாலு ஞாயித்துக்கிழமையும் உச்சிக்கால பூஜை முடிஞ்சு ஒரு மணி வரைக்கும் தாதிகள் ஹாலில் இருப்பாங்க. சம்மதத் தாளை அவங்ககிட்ட நேரா கொடுங்க, கோயில் கவுண்டரில் கொடுக்காதீங்க, நாங்க வாங்கவும் மாட்டோம். டயாலிசிஸ் அட்டை இல்லாதவங்க மையத்தில் கேட்டு வாங்கிட்டு வாங்க. சர்க்கரை, பிரஷர் மருந்து ஒரு வாரத்துக்கு உண்டானதை எப்போதும் கையிருப்பில் வைங்க. போன வருஷம் வண்ணம் போட்ட வீட்டில் யாராவது மாறிப் போயிருந்தாலோ, தவறியிருந்தாலோ அதையும் சொல்லுங்க, இல்லாத ஆளுக்குப் படகு போயிடக் கூடாது. உயிர் போற அவசரம்னா எங்களுக்கு மெசேஜ் போட்டுட்டு உட்காராம முதல்ல 999.

இந்த வருஷ ஒத்திகை மூணாவது ஞாயிறு. அன்னிக்குக் காடியைப் பள்ளிக்கூடத் திடலில் விட்டுட்டு நடந்து வாங்க. செருப்பு ஸ்டாண்டைப் பின்பக்கம் மாத்தியாச்சு, முன்பக்கம் தேடாதீங்க. நோயாளியா நடிக்க இந்தத் தடவையும் தவில் ஐயாதான், வேற யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்னுட்டார்.